சேலம் கோர்ட் பக்கம் ஒரு பழைய சட்டப் புத்தகக் கடை, அதில் எட்டு வருஷ கிருஷ்ணய்யர்

வாய்தாவுக்கு நிற்கிறவர்களுக்கும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் மட்டும் தெரிந்த கடை இது. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான், ஒரு சந்துக்குள், கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இது. பெயர்ப்பலகை கிடையாது. கீழே இருக்கும் பையனிடம் பழைய சட்டப் புக்கு எங்கே என்று கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கட்டைவிரலை மேலே காட்டுவான். படி செங்குத்து, கைப்பிடி இல்லை, வயசானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். காலை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கோர்ட் நடக்கிற நாளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனால் கட்டாயம் திறந்திருக்கும், ஏனென்றால் கடைக்காரருக்கு வியாபாரமே அந்த நேரத்தில்தான்.

என் பாகப்பிரிவினை வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இங்கே எழுதி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. வழக்கு கூப்பிடுகிற வரைக்கும் வராந்தாவில் நிற்பதற்குப் பதில் இங்கே உட்காரலாம் என்று எங்கள் வக்கீலின் ஜூனியர்தான் சொன்னார். உட்காரலாம் என்று அவர் சொன்னது கொஞ்சம் மிகை. உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதில் பெரும்பாலும் ஒரு கட்டு புத்தகம் உட்கார்ந்திருக்கும்.

கடைக்காரர் நாற்பது வருஷத்துக்குக் குறையாமல் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். வக்கீல்கள் காலமான பிறகு அவர்கள் வீட்டில் அந்தக் கண்ணாடி அலமாரிகளை என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்பார்கள். மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, மருமகளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, வீட்டை வாடகைக்கு விட வேண்டும். பழைய பேப்பர்காரர் வருவதற்கு முன்னால் இவர் போய்விடுவார். எடை போட்டு வாங்கி, தொகுதி தொகுதியாகப் பிரித்து விற்பார். அதனால்தான் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் சேலத்துப் பழைய வக்கீல் ஒருவரின் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், ஓரத்தில் பென்சில் கோடு இருக்கும், சில இடங்களில் பக்கத்துக்கு நடுவே பஸ் டிக்கெட்கூட இருக்கும்.

என்னென்ன கிடைக்கும் என்றால், முக்கியமாக ஏ.ஐ.ஆர்., அதாவது கோர்ட் தீர்ப்புகளை வருஷவாரியாகத் தொகுத்து நாக்பூரில் அச்சாகும் ஆல் இந்தியா ரிப்போர்ட்டர். அப்புறம் 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலின் உதிரித் தொகுதிகள். எஸ்.சி.சி., அதாவது சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்ற இன்னொரு தீர்ப்புத் தொகுப்பு, கொஞ்சம். வரி, கம்பெனிச் சட்டம் என்று கேட்டால் இல்லை என்பார், இருந்தாலும் எடுத்துத் தர மாட்டார், அந்த மூலைக்குப் போக ஏணி வேண்டும். விலை அட்டை எதிலும் ஒட்டியிருக்காது. ஏ.ஐ.ஆர். உச்ச நீதிமன்றப் பகுதி, பைண்டு செய்தது, எனக்கு ஒரு புத்தகம் 250 ரூபாய் என்று கொடுத்தார். எனக்கு முன்னால் வந்த சட்டக் கல்லூரிப் பெண்ணுக்கு 150. கேட்டால், "அது படிக்கிற புள்ளைங்க, நீங்க பொழுதுபோக்குக்கு வாங்கறீங்க" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

நான் போனது உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யரைப் பற்றி ஏதாவது வாழ்க்கை வரலாறு கிடைக்குமா என்று. அந்த மாதிரி புத்தகமெல்லாம் இங்கே இல்லை என்றார். பிறகு எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரைக்கும் அவர் டெல்லியில் இருந்தார் என்று என்னிடமே கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை, எனக்குத் தெரியுமா என்று பார்த்தார். 1973 ஜூலையிலிருந்து 1980 நவம்பர் வரைக்கும் என்று சொன்னதும் எழுந்து போய் முதுகில் தங்க எழுத்து மங்கிய ஒரு ஏ.ஐ.ஆர். வரிசையைக் காட்டினார். "எட்டு வருஷம். இதுல 76 கிடையாது, மீதி எடுத்துக்கோங்க. பொறுமை இருந்தா ஆளு முழுசா இதுக்குள்ளயே இருக்காருங்க."

இந்தக் கடையை நான் சிபாரிசு செய்வதற்கு ஒரே காரணம் இதுதான். ஒரு நீதிபதியைப் பற்றி அவருடைய அபிமானிகள் எழுதியதைப் படிப்பதை விட, அவர் எழுதியதை வருஷ வரிசையில், அக்கம்பக்கத்து வழக்குகளோடு சேர்த்துப் படித்தால் அவருடைய உத்தியோக வாழ்க்கை வேறு மாதிரி தெரிகிறது. இணையத்தில் ஒரு தீர்ப்பைத் தேடினால் அந்தத் தீர்ப்பு மட்டும் வரும். இங்கே அதே வாரத்தில் அதே மனிதர் ஒரு லாரி பர்மிட் வழக்கிலும் ஒரு சர்வீஸ் வழக்கிலும் என்ன சொன்னார் என்பதும் முன்பின் பக்கத்தில் கிடக்கும்.

ஆளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1915 நவம்பர் 15-இல் பாலக்காடு பக்கம் வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அப்பாவும் வக்கீல். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னைச் சட்டக் கல்லூரியில் பி.எல். முடித்து, தலச்சேரியில் தொழில் நடத்தினார். மலபார் அப்போது சென்னை மாகாணம். விவசாயிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் வழக்காடியதால் 1948-இல் அவரையே பிடித்து உள்ளே வைத்தார்கள், ஏறக்குறைய ஒரு மாதம். 1952-இல் கூத்துப்பறம்பிலிருந்து சுயேச்சையாகச் சென்னைச் சட்டமன்றத்துக்கு ஜெயித்தார். அப்போது முதலமைச்சர் யார் என்றால், நம் சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி. 1957-இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டம், சிறை, மின்சாரம், பாசனம் எல்லாம் இவர் கையில். 1959-இல் அந்த ஆட்சியைக் கலைத்தார்கள். 1968-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1971-இலிருந்து சட்ட ஆணைய உறுப்பினர், பிறகு உச்ச நீதிமன்றம். அரசியல்வாதியாக இருந்தவரை அங்கே எப்படிப் போடலாம் என்று பம்பாய் வக்கீல்கள் சிலர் எதிர்த்தார்கள். கம்பிக்கு உள்ளே கைதியாக, பிறகு சிறைத்துறை அமைச்சராக, பிறகு நீதிபதியாக என்று ஒரே மனிதர் ஒரே விஷயத்தை மூன்று இடத்திலிருந்து பார்த்திருக்கிறார், எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் அவர் எழுதியதிலேயே சூடு அதிகம் இருப்பது சிறை வழக்குகளில்தான்.

முதலில் 1974 தொகுதியை எடுத்தேன். பைண்டிங் நன்றாக இருந்தது, முதுகுத் துணி மட்டும் பிய்ந்திருந்தது. 799-ஆம் பக்கம் ஈடிக அன்னம்மா வழக்கு. ஆந்திராவில் ஒரு இளம்பெண், பொறாமையில் ஒரு பெண்ணையும் ஒரு குழந்தையையும் கொன்றுவிட்டாள், தூக்குத் தண்டனை. குற்றம் நிரூபணம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தண்டனை என்று வரும்போது கிருஷ்ணய்யர் அவளுடைய வயசைப் பார்க்கிறார், மாமனார் வீட்டிலிருந்து துரத்தப்பட்டதைப் பார்க்கிறார், அவளுக்கு ஒரு மகன் இருப்பதைப் பார்க்கிறார், இரண்டு வருஷத்துக்கு மேல் தூக்குக் கயிற்றை நினைத்துக்கொண்டு தனி அறையில் கிடந்ததையும் ஒரு கணக்காக எடுத்துக்கொண்டு ஆயுள் தண்டனையாகக் குறைக்கிறார். காத்திருப்பே ஒரு தண்டனை என்ற அந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் போய் நிற்கப் போகிறது.

1975 தொகுதியை எல்லாரும் கேட்பார்களாம், இந்திரா காந்தி வழக்குக்காக. 1590-ஆம் பக்கம். ஜூன் 12-ஆம் தேதி அலகாபாத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா இந்திராவின் தேர்தல் செல்லாது என்று சொல்லிவிட்டார், கோடை விடுமுறை, உச்ச நீதிமன்றத்தில் விடுமுறைக்கால நீதிபதியாக இருந்தது கிருஷ்ணய்யர் மட்டும். இந்திராவுக்கு வக்கீல் பால்கிவாலா, தேர்தலை எதிர்த்து வழக்குப் போட்ட ராஜ் நாராயணுக்கு சாந்தி பூஷண். ஜூன் 24-இல் உத்தரவு: பிரதமராக இருக்கலாம், நாடாளுமன்றத்தில் பேசலாம், ஆனால் ஓட்டுப் போடக் கூடாது, உறுப்பினருக்கான சம்பளம் வாங்கக் கூடாது. மறுநாள் இரவு அவசரநிலை. இந்த உத்தரவைப் பற்றி இன்றைக்கும் இரண்டு கட்சி. அலகாபாத் தீர்ப்புக்கு முழுத் தடை கொடுக்காமல் நிமிர்ந்து நின்றார் என்று ஒரு கட்சி, நாற்காலியில் உட்கார விட்டுவிட்டாரே என்று இன்னொரு கட்சி. படித்துப் பார்த்தால் எனக்குத் தோன்றியது, இந்த மாதிரித் தேர்தல் வழக்குகளில் வழக்கமாகக் கொடுக்கிற நிபந்தனைத் தடையைத்தான் கொடுத்திருக்கிறார், ஆள் பிரதமர் என்பதற்காகக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதில் வீரம் தேடிப் போகிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். அடுத்த நாள் நடந்ததை வைத்து முந்தைய நாள் உத்தரவுக்கு மார்க் போடுவது நியாயமா என்று தெரியவில்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

நான் காசு கொடுத்து வாங்கியதிலேயே லாபம் 1978. தலையணை மாதிரி கனம், இரண்டு புத்தகமாகப் பிரித்துப் பைண்டு செய்திருந்தார்கள். பழைய சொந்தக்காரர் தொழிலாளர் வழக்கு நடத்தியவர் போல, பெங்களூர் வாட்டர் சப்ளை தீர்ப்பில் கோடு போடாத வரியே இல்லை. 'தொழில்' என்றால் எது எது அதில் அடங்கும், ஆஸ்பத்திரியும் கல்லூரியும் சேருமா என்கிற ஏழு நீதிபதி வழக்கு. நான் தேடியது வேறு. 1594-ஆம் பக்கம், மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். ஜாமீன் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்ட பிறகும் கீழ்க்கோர்ட் மாஜிஸ்ட்ரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறார், சரி என்று அண்ணன் தம்பி உறவில் ஒருவர் வந்தால், உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று திருப்பி அனுப்புகிறார். உள்ளூர்க்காரர்தான் ஜாமீன் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது, வெளியூரில் பிடிபட்டவன் அங்கே யாரைத் தேடுவான் என்று கிருஷ்ணய்யர் கேட்கிறார். கடைசியில் ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொல்கிறார். இதை நான் படித்துக்கொண்டிருந்தபோது சந்தில் ஒரு குடும்பம் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து சொத்து வரி ரசீதோடு யாரோ ஒரு ஜாமீன்தாரருக்காக நின்றுகொண்டிருந்தது. நாற்பது ஐம்பது வருஷம் ஆகியும் அந்த ரசீதுக்கு மரியாதை குறையவில்லை.

அதே தொகுதியில் ஹோஸ்கோட் வழக்கு, போலிப் பட்டச் சான்றிதழ் வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒரு பல்கலைக்கழக ஆசிரியர். ஆள் மேல் பரிதாபமே வராது. ஆனால் அந்த ஆளை வைத்துக்கொண்டே, சிறையில் இருப்பவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசமாகவும் சீக்கிரமாகவும் கைக்குப் போக வேண்டும், வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசு செலவில் வைக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். நந்தினி சத்பதி வழக்கும் இதில்தான்: போலீஸ் கேள்விக்கு வாய் திறக்காமல் இருக்கும் உரிமை, பெண்களை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது என்பது. சுனில் பத்ரா முதல் வழக்கும் இதில்தான்: தூக்குத் தண்டனைக் கைதியைத் தனிமையில் அடைப்பது, சார்லஸ் சோப்ராஜுக்குக் காலில் இரும்புக் கட்டை போடுவது. அந்த வழக்குக்காகக் கிருஷ்ணய்யர் தலைமை நீதிபதி பெக் உள்ளிட்டவர்களோடு டெல்லி திகார் சிறைக்குள்ளேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இங்கே ஒரு விஷயம். இந்தப் பக்கங்களை நான் புரட்டிய இடத்திலிருந்து சேலம் மத்தியச் சிறை அப்படி ஒன்றும் தூரமில்லை. 1950 பிப்ரவரி 11-இல் அங்கே கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்து 22 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், அதாவது தலச்சேரி வக்கீல் கிருஷ்ணய்யர் யாருக்காக வழக்காடி உள்ளே போனாரோ அதே இயக்கத்து ஆட்கள். கடைக்காரருக்கு இது தெரிந்திருந்தது, அவர் வேலை பார்த்த வக்கீல் சொல்லியிருக்கிறார். கல்லூரிப் பிள்ளைகளில் நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, ஊரில் நாம் யாரும் அதைப் பேசுவதில்லை.

1979-ஆம் ஆண்டுத் தொகுதியில் எனக்கும் கடைக்காரருக்கும் சண்டை. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் 916-ஆம் பக்கத்திலிருந்து வரிசையாகக் காணோம், யாரோ பிளேடு வைத்து அழகாக அறுத்து எடுத்திருக்கிறார்கள். ராஜேந்திர பிரசாத் வழக்கு, தூக்குத் தண்டனை பற்றி. கிருஷ்ணய்யரும் டி.ஏ.தேசாயும் ஒரு பக்கம், ஏ.பி.சென் எதிர்ப்பக்கம். ஆள் திருந்தவே மாட்டான், சமூகத்துக்கே ஆபத்து என்கிற அளவுக்குப் போனால்தான் தூக்கு என்று இவர்கள் எழுதினார்கள், அடுத்த வருஷமே பச்சன் சிங் வழக்கில் ஐந்து பேர் பெஞ்ச் அதை ஏற்காமல் 'அரிதினும் அரிது' என்று வேறு அளவுகோல் வைத்துவிட்டது, நீதிபதி பகவதி மட்டும் மறுத்தார். அறுத்தது எந்த வக்கீலோ, கோர்ட்டில் வாதாட அவசரத்துக்கு எடுத்திருப்பார். சரி, அதற்கு நான் என்ன செய்ய? திரும்பக் கொண்டுபோனால் கடைக்காரர் வேறு இடத்திலிருந்து அந்தப் பக்கங்களைத் தேடிப் பிடித்துக் கீழே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார், அதுவரைக்கும் நல்ல மனுஷன், ஆனால் ஜெராக்ஸுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் என்னிடமே வாங்கினார். இது தப்பு. பக்கம் இல்லாத புத்தகத்தை முழு விலைக்கு விற்றுவிட்டு ஜெராக்ஸ் காசும் கேட்கக் கூடாது. அதனால் நட்சத்திரம் போடச் சொன்னால் ஒன்றைக் குறைப்பேன். நீங்கள் வாங்கும்போது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பக்க எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள், குறிப்பாகப் பிரபலமான வழக்கு இருக்கும் இடத்தை.

அந்தத் தொகுதியில் அறுபடாமல் தப்பித்த ஒன்று முத்தம்மா வழக்கு, 1868-ஆம் பக்கம். இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி, குடகுக்காரர், பதவி உயர்வு மறுத்ததால் வழக்குப் போட்டவர். பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது, நம்ப முடிகிறதா. வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள் என்பதால் மனு தள்ளுபடிதான், ஆனால் தள்ளுபடி செய்கிற சாக்கில் அந்த விதிகளைக் கிருஷ்ணய்யர் கிழித்த கிழி இருக்கிறதே, அதைப் படித்த பிறகு அந்த விதியை வைத்துக்கொண்டிருக்க யாருக்கும் முகம் இருந்திருக்காது. ஜெயிக்காத வழக்கிலும் இப்படி வேலை நடக்கும் என்று எனக்கு இதில்தான் புரிந்தது.

1980 தொகுதி கொஞ்சம் ராமபாணப் பூச்சி அரித்தது, ஓரம் மட்டும், எழுத்துக்குச் சேதமில்லை. அதனால் 50 ரூபாய் குறைத்தார். கிருஷ்ணய்யர் ஓய்வு பெற்ற வருஷம், ஒவ்வொரு பக்கத்திலும் அவசரம் தெரிகிறது, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்கிற மாதிரி. சுனில் பத்ரா இரண்டாவது வழக்கு ஒரு கடிதத்திலிருந்து வந்தது. திகாரில் ஒரு வார்டர் காசு பிடுங்க இன்னொரு கைதியை எப்படிக் கொடுமை செய்தார் என்று பத்ரா நீதிபதிக்கு எழுதினார், அதையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். பிரேம் சங்கர் சுக்லா வழக்கு ஒரு தந்தியிலிருந்து வந்தது, கைவிலங்கு போட்டுக் கோர்ட்டுக்குக் கூட்டி வருவதைப் பற்றி. வக்காலத்து இல்லை, கோர்ட் ஃபீஸ் இல்லை, ஸ்டாம்ப் பேப்பர் இல்லை. நம்ம ஊர் ஃபைலிங் செக்ஷனில் ஒரு மார்ஜின் குறைந்தாலே திருப்பி அனுப்புகிற மனுக்களைப் பார்த்தவர்களுக்கு இதன் ருசி தெரியும்.

இந்தத் தொகுதியில் கடைக்காரர் அடிக்கடி ஜெராக்ஸ் போடுவது வேறு வழக்கு என்றார்: 470-ஆம் பக்கம், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ். கடன் டிக்ரியை நிறைவேற்ற இ.பி., அதாவது நிறைவேற்று மனு போட்டு, பணம் கட்டவில்லை என்றால் ஆளைப் பிடித்துச் சிவில் சிறையில் வைக்கலாம் அல்லவா, அதற்கு இது கடிவாளம். கையில் பணம் இல்லாதவனை இல்லை என்பதற்காகவே பிடிக்க முடியாது, வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கட்டாமல் ஏமாற்றுகிறான் என்று காட்ட வேண்டும். பைனான்ஸ் கடை தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில் இந்தப் பக்கம் அழுக்கேறிக் கிடப்பதில் ஆச்சரியமில்லை.

ரத்லாம் நகராட்சி வழக்கும் 1980-தான், 1622-ஆம் பக்கம். திறந்த சாக்கடை, நாற்றம், மக்கள் புகார், நகராட்சி பணமில்லை என்கிறது. பணமில்லை என்பது பதிலே அல்ல, கால வரம்புக்குள் செய்து முடி என்கிறார். சேர்வராயன் மலையில் சுத்தமாகப் புறப்பட்டு ஊருக்குள் வந்ததும் சாக்கடையாகிப் போகிற திருமணிமுத்தாறு பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு தடவை படிக்கலாம். கோபம் வரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்போது குறை ஒன்று, கடை மேல் இல்லை, நீதிபதி மேல். அவருடைய ஆங்கிலம் கொடுமை. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், நடுவில் லத்தீன், உபநிஷத்து, காந்தி, எங்கேயோ ஒரு ஐ.நா. உடன்படிக்கை. ஏழைக்காக எழுதியவர் ஏழையின் வக்கீலுக்குக்கூடப் புரியாத மொழியில் எழுதினார் என்று கடைக்காரரின் பழைய சீனியர் சொல்வாராம், அதில் பாதி உண்மை இருக்கிறது. ஏ.ஐ.ஆரில் தீர்ப்புக்கு மேலே பத்திரிகை ஆசிரியர்கள் எழுதிய சுருக்கம் இருக்கும், முதலில் அதைப் படித்துவிட்டு உள்ளே போனால் தப்பிக்கலாம். ஆனால் அந்தச் சுருக்கம் நீதிபதி சொன்னது ஆகாது, அதை மேற்கோள் காட்டினால் ஜட்ஜ் கோபித்துக்கொள்வார் என்று ஜூனியர்களுக்கு அறிவுரை சொல்வது கடைக்காரரின் பொழுதுபோக்கு.

பக்கத்து ஊர்க்காரர் என்று சொன்னேனே, அவர் நீதியரசர் ப.சதாசிவம். பவானி பக்கம் காடப்பநல்லூர், விவசாயக் குடும்பம், குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, 1973-இல் வக்கீலாகப் பதிவு, 2001-இல் சென்னை உயர் நீதிமன்றம், 2007-இல் உச்ச நீதிமன்றம், 2013 ஜூலையில் இந்தியத் தலைமை நீதிபதி. பதஞ்சலி சாஸ்திரிக்குப் பிறகு அந்த நாற்காலிக்குப் போன தமிழ்நாட்டுக்காரர். கடைக்கு வருகிற ஈரோடு, சங்ககிரிப் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது இவரைத்தான். இவருடைய காலத்து எஸ்.சி.சி. தொகுதிகள் புதுசு என்பதால் விலை இரண்டு மடங்கு, பேரம் கிடையாது. 'மேற்கண்ட யாருமில்லை' என்ற நோட்டா பொத்தான் வந்த தீர்ப்பு 2013-ஆம் ஆண்டு பத்தாம் தொகுதியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, தேடவே வேண்டாம். 2014 மூன்றாம் தொகுதி முதல் பக்கம் சத்ருகன் சவுகான் வழக்கு: கருணை மனுவை வருஷக்கணக்கில் முடிவு சொல்லாமல் வைத்திருந்தால் அதுவே தூக்கை ஆயுளாகக் குறைக்கக் காரணம் என்று 15 பேருக்குக் குறைத்தார்கள். அடுத்த மாதமே அதை வைத்து முருகன், சாந்தன், பேரறிவாளன் தண்டனையும் குறைந்தது. 1974-இல் அன்னம்மாவின் இரண்டு வருஷக் காத்திருப்பைக் கிருஷ்ணய்யர் எழுதிய அந்தப் பக்கத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க இந்தக் கடை ஸ்டூலில்தான் வாய்த்தது. சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014 மார்ச்சில் வந்த தீர்ப்பும் இவர் தலைமையில்தான், அந்தத் தொகுதி மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

இதெல்லாம் இப்போது இணையத்தில் இலவசம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். 2023-இலிருந்து உச்ச நீதிமன்றமே தன் அறிக்கைத் தொகுதிகளை இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது, சில தீர்ப்புகள் தமிழிலும் உண்டு. ஒரே ஒரு வழக்குதான் வேண்டும் என்றால் இங்கே வந்து படியேறிச் சட்டையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டாம். ஒரு ஆளைப் படிக்க வேண்டும் என்றால் வாருங்கள்.

வருகிறவர்களுக்குச் சில விஷயம். ஜிபே உண்டு, ஆனால் உள்ளே சிக்னல் வராது, படியில் இறங்கி நின்று அனுப்ப வேண்டும், பணமாகக் கொண்டுபோவது உத்தமம். பில் கிடையாது. மின்விசிறி ஒன்று, அதுவும் கடைக்காரர் பக்கம் பார்த்து. சித்திரை, வைகாசியில் போனால் வெந்துபோவீர்கள். தும்மல் இருப்பவர்கள் முகக்கவசம் போடுங்கள். வண்டி நிறுத்த சந்தில் இடமில்லை. போனில் கேட்டுப் புத்தகம் எடுத்து வைக்கச் சொன்னால் சரி சரி என்பார், வைக்க மாட்டார், யார் முதலில் வந்து காசு கொடுக்கிறார்களோ அவர்களுக்குப் போய்விடும். பேரம் பேசுவதென்றால் தனித்தனியாகக் கேட்காதீர்கள், மூன்று நான்கு தொகுதியைச் சேர்த்துக் கேளுங்கள், இறங்கி வருவார். மாலையில் சந்து முனையில் தட்டுவடை செட் வண்டி ஒன்று நிற்கும், பூண்டுச் சட்னி தூக்கல், ஆனால் சாப்பிட்ட கையோடு புத்தகத்தைத் தொட்டால் கடைக்காரர் முகம் மாறும்.

அப்புறம் அந்த 1976 தொகுதி. வந்த வேகத்தில் போய்விடுகிறதாம், அவசரநிலைக் கால ஆட்கொணர்வு வழக்குக்காக, நீதிபதி எச்.ஆர்.கன்னா தனியாக நின்று எழுதிய மாறுபட்ட தீர்ப்புக்காக. கிருஷ்ணய்யர் அந்த ஐந்து பேரில் இல்லை. இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "ஏங்க, இல்லாதவர்கிட்ட என்னத்துக்குக் கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, பழைய சினிமா டாக்கீஸ் காலத்துக் கதை ஒன்றை ஆரம்பித்துவிட்டார். எனக்கு அந்த வருஷத் தொகுதி வேண்டும், கன்னாவுக்காக மட்டும் இல்லை, அந்தச் சமயத்தில் மற்ற நாட்களில் கிருஷ்ணய்யர் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று பார்க்க. சேலத்தில் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள், 300 வரைக்கும் தருகிறேன், 1207-ஆம் பக்கத்திலிருந்து அறுக்காமல் இருந்தால் 350.